வெளிக்கிட்டிட்டன் என்று சொன்ன தம்பி

எங்கள் தம்பியின் முப்பத்தோராம் நாள் மதிய உணவுக்கு வந்து இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தம்பி எங்கே, எப்படி, எந்த நேரத்தில் எங்களை விட்டுப் பிரிந்தார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதற்கான விடையை இந்தப் பக்கங்களில் தேட வேண்டாம். ஆனால் ஒரு விடயம் இப்போது முத்திரையோடு எழுத்தில் இருக்கிறது. தம்பி தன் படையை விட்டு ஓடவில்லை. இந்த ஒரு வரியை உங்கள் முன் எழுதுவதற்கு எங்கள் குடும்பத்துக்கு எட்டு ஆண்டுகள் எடுத்தன. அதை ஒழுங்காகச் சொல்லி வைப்பது அக்காவாகிய என் கடமை.

தம்பி மொன்றியலில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா, அம்மா, நான் மூவரும் இங்கு வந்து ஓர் ஆண்டும் இரண்டு மாதங்களும் ஆகியிருந்தன. எனக்கு அப்போது பதினைந்து வயது. பனி கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, பிரசவ அறை வாசலில் தாதி ஒருவர் அப்பாவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறைப் பிரெஞ்சை வைத்து, "ஆம்பிளைப் பிள்ளை அப்பா" என்றேன். எங்கள் குடும்பத்துக்காக நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது. அன்று பிற்பகலே ஒரு கொப்பியை எடுத்து அந்த நேரத்தை எழுதி வைத்தேன். என் நாட்குறிப்பின் முதல் வரி தம்பிதான்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை. அம்மாவுக்குத் தையல் தொழிற்சாலையில். இருவரும் விடிய முன்னமே போய்விடுவார்கள். ஆகவே தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. நாள் தவறாமல் ஒரே கூத்துத்தான்.

"தம்பி, வெளிக்கிட்டிட்டியோ?"

"வெளிக்கிட்டிட்டன் அக்கா!"

போய்ப் பார்த்தால் ஒரு காலில் காலுறை இருக்கும். மற்றக் காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு, பால்பெட்டியில் அச்சடித்திருப்பதை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருப்பார்.

"இதுவோடா வெளிக்கிட்டது?"

"அரைவாசி வெளிக்கிட்டிட்டன்."

இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக இதை விளக்க வேண்டும். எங்கள் பேச்சில் வெளிக்கிடுவது என்றால் உடுத்து, தலைவாரி, போவதற்கு ஆயத்தமாவது. வெளிக்கிட்ட ஆள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டிலோ, தம்பி வெளிக்கிட்டிட்டன் என்றால் இன்னும் காலுறை தேடுகிறார் என்றே பொருள். நானும் ஆத்திரத்தில் இரண்டு நேரங்களையும் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். "7.10 வெளிக்கிட்டிட்டன் என்றார். 7.36 கதவு." அம்மாவிடம் காட்டி ஏச்சு வாங்கிக் கொடுப்பதுதான் நோக்கம். அம்மா ஏசியதாக ஞாபகம் இல்லை. ஆனால் எழுதும் பழக்கம் நிலைத்துவிட்டது. பின்னர் செயின்ட்-லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் பதிவேடு எழுதும் வேலை கிடைத்தபோது, நேரம் எழுதுவது எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

தம்பியின் இந்த ஆறுதலான, அவசரமில்லாத போக்கை நாங்கள் குறையாகவே பார்த்தோம். முதலாம் மாடியில் இருந்த ஹெயிட்டி நாட்டு அம்மையார் அப்படிப் பார்க்கவில்லை. அவருக்கு முழங்கால் வருத்தம். கடைக்குப் போய் வந்து படியேறும்போது தம்பி அவருடைய பையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவருக்குப் பின்னால் ஏறுவார். முந்திப் போனதே இல்லை. "உன் தம்பி ஒருவன்தான் என்னை அவசரப்படுத்தாதவன்" என்று அவர் என்னிடம் சொன்னார். அதையும் எழுதியிருக்கிறேன்.

இருபதாவது வயதில், ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில், தம்பி அந்தச் செய்தியைச் சொன்னார்.

"அம்மா, நான் ஆமியில சேந்திட்டன்."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். "எந்த ஆமி?"

"எங்கட ஆமி அம்மா. கனடா ஆமி."

"எங்களுக்கு எப்ப தம்பி ஆமி இருந்தது?"

அம்மா யாழ்ப்பாணத்தில் ஆமி என்ற சொல்லைக் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்குக் கீழே இருந்து பழகியவர். வீதியில் ஆமிக்காரரைக் கண்டால் நிலத்தைப் பார்த்து நடந்தவர். அந்தச் சொல்லைத் தன் மகன் சிரித்துக்கொண்டு சொல்வதை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பேச்சை மாற்றியவர் அப்பாதான்.

"பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில எல்லா வருசமும் கடைசி. உவனை எந்த ஆமியடா எடுத்தது?"

"ஓடுறவை நிறைய இருக்கினமாம், காணுமாம் அப்பா. நிண்டு பிடிக்கிறவையும் வேணுமாம்."

அம்மா இரண்டு மாதம் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் ஆறு பெருகி ஊர்களுக்குள் வெள்ளம் வந்தபோது தம்பியின் அணியை மண் மூட்டை அடுக்க அனுப்பினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு முதியவரின் பூனைக்கூட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தைத் தம்பி எனக்கு அனுப்பினார். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "இது வேற சாதி ஆமி போல" என்றார். அன்று பின்னேரமே தம்பிக்கு அழைப்பெடுத்துச் சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்தப் படத்தைத்தான் இந்தப் புத்தகத்தின் அட்டையில் காண்கிறீர்கள்.

முகாம் இங்கிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத் தூரம். விடுப்புக் கிடைத்த வெள்ளிக்கிழமைகளில் தம்பி வீட்டுக்கு வருவார். பின்னேரம் நாலு மணியளவில், "வெளிக்கிட்டிட்டன்" என்று அம்மாவின் தொலைபேசிக்குச் செய்தி வரும். முகாம் வாசலில் பேருந்து நாலு ஐம்பத்தைந்துக்கு. மெற்றோவில் மாறி, இரவுச் சாப்பாட்டுக்கு எட்டு இருபத்தைந்துக்கு வீட்டுக் கதவைத் தட்டுவார். முதுகுப் பையில் போன முறை அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு சில்வர்ப் பெட்டிகளும் கழுவித் துடைத்து இருக்கும். பெட்டி இல்லாமல் வந்தால் அடுத்த முறை கறி இல்லை என்பது அம்மாவின் சட்டம்.

சிலவேளைகளில் அவருடைய அணித் தோழர் மார்க்கும் கூட வருவார். கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை, பண்ணையில் வளர்ந்தவர். பிரெஞ்சைத் தவிர வேறு மொழி தெரியாது. அம்மா நாலாம் முறை சோறு போட வரும்போது இரண்டு கைகளாலும் சோற்றுக் கோப்பையை மூடிக்கொண்டு, "காணும் அம்மா, காணும்!" என்பார். போதும் என்பதற்கான அந்த ஒரு சொல்லைத் தம்பிதான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு, தம்பியின் குரல் அம்மாவின் தொலைபேசியில் பதிவாகியது. அம்மா அடுப்படியில் இருந்ததால் எடுக்கவில்லை. பதிவு இவ்வளவுதான்: "அம்மா, நான் வெளிக்கிட்டிட்டன். இனி இஞ்ச நிண்டாச் சரிவராது. பேந்து கதைக்கிறன்."

எட்டு இருபத்தைந்துக்குக் கதவு தட்டப்படவில்லை.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை காலை அணிவகுப்பிலும் தம்பி இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு விசாரணையாளர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. நான் நடுவில் இருந்தேன்.

"உங்கள் மகன் போய்விட்டதாக உங்களிடம் சொன்னாரா?" என்று கேட்டார்கள். நான் அதை அம்மாவிடம், "வெளிக்கிட்டிட்டன் எண்டு சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"ஓம், வெளிக்கிட்டிட்டன் எண்டவன்" என்றார் அம்மா.

நான் அவர்களிடம் திரும்பி, "ஆம், போய்விட்டதாகச் சொன்னார்" என்றேன். பிரெஞ்சில் அதற்கு நான் வைத்த சொல் 'பார்த்தி'. விட்டுப் போய்விட்டார் என்று பொருள். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். நானும் என் கொப்பியில் எழுதினேன். இரண்டு சொற்களுக்கும் இடையில் ஓர் அறையும் ஒரு வாசலும் இருக்கின்றன என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்த 'ஆம்' என் வாயிலிருந்து வந்தது. இதை எந்த உறவினரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. ஆனால் இந்தப் புத்தகத்தில் அது இருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமாக. நாலு பத்துக்கே தம்பி முகாமை விட்டுப் போய்விட்டார் என்று முடிவாகியது. ஆகவே வெளியே தேடினார்கள். பேருந்து நிலையத்தில் தேடினார்கள், எல்லையில் தேடினார்கள், ரொறன்ரோவில் எங்கள் சித்தப்பாவின் வீட்டிலும் போய்க் கேட்டார்கள். முகாமுக்குள் ஒரு பெரிய வாவியும் அதைச் சுற்றிக் காடும் இருக்கின்றன. அங்கே எவரும் ஒழுங்காகத் தேடுமுன் பனி விழுந்துவிட்டது. முகாம் வாசல் பதிவேட்டில் தம்பி வெளியேறியதாக வரி இல்லை. வெள்ளிக்கிழமை நெரிசலில் யாரோ ஒருவரின் காரில் போயிருப்பார் என்றார்கள். அவருடைய பை பூட்டியபடி கட்டிலில் இருந்தது. உள்ளே அம்மாவின் இரண்டு பெட்டிகளும் கழுவித் துடைத்து இருந்தன. சந்தேகம் வராமலிருக்க விட்டுப் போயிருப்பார் என்றார்கள்.

மார்க் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். நாலு இருபதுக்குத் தம்பியை வாவிப் பக்கப் பாதையில் கண்டதாகவும், வீட்டுக்கு வரும் சட்டையைப் போட்டிருந்ததாகவும், கையில் பை இல்லை என்றும், தான் கூப்பிட்டபோது தம்பி இரண்டு விரல்களைக் காட்டி, இரண்டு நிமிடத்தில் வருவதாகச் சைகை செய்ததாகவும் சொன்னார். நாலு பத்துக்கே போய்விட்டவரை நாலு இருபதுக்கு எப்படிக் காண முடியும்? மார்க் நேரத்தைப் பிழையாக நினைத்துவிட்டார் என்று எழுதி மூடினார்கள். அடுத்த ஆண்டு மார்க் படையை விட்டு விலகிவிட்டார்.

தம்பியின் பெயருக்கு எதிரே 'தப்பியோடியவர்' என்ற சொல் ஏறியது.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததை விட வேகமாக வெளியே போனது. ஒரு கலியாண மண்டபத்தில், அம்மாவுக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள், "பெடியன் இப்ப அமெரிக்காவிலயாம், ஒரு வெள்ளைக்காரியோடயாம்" என்று கதைத்தார்கள். அம்மா திரும்பி, "விலாசம் தெரிஞ்சாத் தாங்கோ பிள்ளை, நான் போய் மருமேளைப் பாக்கோணும்" என்றார். ஆனால் அதன் பிறகு அம்மா கலியாணங்களுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் போகவில்லை. நாலு மணியிலிருந்து எட்டரை வரை தொலைபேசியும் கதவும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

நான்காம் ஆண்டில் அப்பா காலமானார். வைத்தியசாலையில் பார்க்க வந்த எல்லாரிடமும் அவர் சொன்னது ஒன்றே: "ஓட்டப் போட்டியிலயே ஓடாதவன். ஆமியை விட்டு ஓடினவனாம்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அப்பாவுக்கு எங்களைப்போல ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஏழு ஆண்டுகள் கடந்ததும் நீதிமன்றத்தில் மரண அறிவிப்புப் பெற்று, தம்பிக்குச் செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து செய்யும் முறை இருக்கிறது. அம்மா மறுத்துவிட்டார்.

"ஓடினவன் எண்டு எழுதி வைச்சிருக்கேக்க நான் தர்ப்பையைக் கொளுத்தினால், அவன் ஓடினது உண்மையெண்டு நானும் கையெழுத்து வைச்ச மாதிரி. முதல்ல அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லு."

"எடுத்தா என்ன எழுதுறது அம்மா?"

"காணாமற் போனவர் எண்டு எழுதட்டும். அந்தச் சொல்லை எங்கட சனம் தாங்கும். மற்றதைத் தாங்கேலாது."

மகனைக் காணாமற் போனவராக்குவதற்காகப் போராடிய தாயை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தம்பியின் கோப்பின் பிரதியைக் கேட்டு விண்ணப்பித்தேன். ஒரு சனிக்கிழமை காலை அது தபாலில் வந்தது. மேசையில் விரித்து முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தேன். தம்பியின் குரல் பதிவைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் எழுதுவித்திருந்தார்கள். "அம்மா, நான் விட்டுப் போய்விட்டேன். இனி இங்கே இருப்பது எனக்குச் சரிவராது. பிறகு பேசுகிறேன்." அதற்குக் கீழே என்னுடைய 'ஆம்'.

எங்கள் காதில், பேருந்துக்கு நேரமாகிவிட்டது, இனிச் சுணங்க முடியாது என்று சொன்ன பிள்ளை, தாளில் வேலை வெறுத்துப் போனவராக இருந்தார். ஏதோ பிழை என்று தெரிந்தது. எந்த இடத்தில் என்று பிடிபடவில்லை. அதே நேரம் அம்மா என் மகளைக் கடைக்குக் கூட்டிப் போவதற்காகக் கதவடியில் செருப்போடு நின்றார்.

"பிள்ளை, வெளிக்கிட்டிட்டியோ?"

குளியலறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள்: "வெளிக்கிட்டிட்டன் அம்மம்மா!"

உள்ளே தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"உவளுக்கு மாமன்ர வருத்தம்" என்றார் அம்மா.

நான் எழுந்து போய் அலுமாரியிலிருந்து பழைய கொப்பிகளை இறக்கினேன். பதினொரு கொப்பிகள். அன்றும் மறுநாளும் முழுதாக வாசித்தேன். வெளிக்கிட்டிட்டன் என்று தம்பி சொன்ன நேரமும் அவர் உண்மையில் கதவைத் தாண்டிய நேரமும் சேர்த்து எழுதப்பட்ட இடங்கள் நூற்றுப் பன்னிரண்டு. மிகக் குறைந்த இடைவெளி ஒன்பது நிமிடம். மிகக் கூடியது ஐம்பத்திரண்டு. சொன்னவுடன் போன நாள் ஒன்றுகூட இல்லை.

நாலு பத்துக்குத் தம்பி அறைக்குள் இருந்தார். பை கட்டிலில் இருந்தது. நாலு இருபதுக்கு மார்க் கண்டது சரி.

மீளாய்வுக்கு எழுதினேன். ஐந்து மாதங்களின் பின் எங்களை அழைத்தார்கள். மீளாய்வு அதிகாரி ஒரு பெண்மணி. மேசையின் ஒரு பக்கம் நானும் அம்மாவும் கொப்பிகளும். மார்க் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். மறுபக்கம் அந்த மொழிபெயர்ப்பாளர். நோத்ர-டாம்-த-கிரேஸில் வசிக்கும், சென்னையிலிருந்து வந்த பெரியவர். முகம் வாடியிருந்தது.

"மேடம், எங்க பக்கம் 'வெளிக்கிடறது'ங்கற வார்த்தையே கிடையாது," என்றார் என்னிடம். "வெளிய போயிட்டான்னு எடுத்துக்கிட்டேன். கேட்டிருக்கணும். கேக்கல."

அம்மா, தன்னை விட இளையவரான அவர் பக்கம் முன்னுக்குச் சாய்ந்தார். "தம்பி, நீங்கள் கோயிலுக்குப் போகேக்க உங்கட மனுசி என்ன சொல்லுறவ?"

"ரெடி ஆயிட்டேன்னு சொல்வாங்கம்மா."

"சொல்லிப்போட்டு?"

"அதுக்கப்புறம் அரை மணி நேரம் ஆகும்."

"அதுதான் தம்பி! அதுதான் இது!"

பெரியவர் நெற்றியில் கை வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார். மார்க், ஒன்றும் விளங்காமலே, அம்மா சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கேட்டார். பெரியவரே எழுந்து நின்று பிரெஞ்சில் விளக்கினார். தான் எழுதியது பிழை என்றும், அந்தச் சொல்லுக்கு ஆயத்தமாகிவிட்டேன் என்றே பொருள் கொள்ள வேண்டும் என்றும், அதை அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகவும் சொன்னார். என் 'ஆம்' பற்றி நானும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதிகாரி கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தமிழ் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும் அல்லவா.

"இவர் எப்போதாவது நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறாரா?" என்று கேட்டார்.

"ஒரு நாளும் இல்லை," என்றேன்.

வாழ்நாள் முழுவதும் நாங்கள் ஏசிய அந்தச் சுணக்கம் தம்பிக்குச் சாட்சி சொன்னது.

கோடையில் வாவிக்குள் சுழியோடிகளை இறக்கினார்கள். காட்டிலும் நாய்களோடு தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு விரல்களைக் காட்டிய பிறகு தம்பி எங்கே போனார், யாரைப் பார்க்கப் போனார் என்பது இன்னும் தெரியாது. தேடும் கோப்பு மூடப்படவில்லை. ஆனால் மற்றக் கோப்பு திருத்தப்பட்டது.

அதிகாரியிடம் நான் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். என் தொழிற்சாலையில் பதிவேட்டில் பிழை வந்தால் அழிக்கக் கூடாது. அதன்மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்தியவர் கையெழுத்து வைக்க வேண்டும். பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். தம்பியின் தாளிலும் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டேன். கணினியில் அதற்கு வழியில்லை என்றார். ஆனால் கடிதத்தோடு பழைய தாளின் பிரதி ஒன்று வந்தது. அதில், பேனாவால், 'தப்பியோடியவர்' என்ற சொல்லின்மேல் ஒரு கோடு. மேலே, "சேவையில் இருந்தபோது, முகாமுக்குள், காணாமற் போனவர்." பக்கத்தில் அவருடைய கையெழுத்து. அடுத்த பக்கத்தில் அதன் படத்தை அச்சிட்டிருக்கிறோம். தயவுசெய்து பாருங்கள்.

அம்மா அந்தத் தாளை விரலால் தடவினார்.

"கோடு நேரா இருக்கோ?"

"நேரா இருக்கு அம்மா."

"அப்ப காணும்."

அதற்கடுத்த மாதம் முகாமுக்கு அழைத்தார்கள். அம்மா பச்சைப் பட்டுச் சேலை உடுத்தார். மைதானத்தில் தம்பியின் அணி வரிசையாக நின்றது. கட்டளைத் தளபதி தம்பியின் முழுப் பெயரையும் வாசித்தார். எங்கள் பெயர்களை இங்கு எவரும் அப்படி உச்சரித்து நான் கேட்டதில்லை. பயின்று வந்திருந்தார். பிறகு அம்மா அந்த வரிசைக்கு முன்னால் நடந்து போக வேண்டும் என்றார்கள். அத்தனை பேரும் கையை நெற்றிக்கு உயர்த்தி நின்றார்கள். வீதியில் ஆமியைக் கண்டு நிலம் பார்த்து நடந்த அம்மா, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, தம்பி படியேறியதுபோல ஆறுதலாக, அந்த வரிசையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்தார். ஒருவரும் கையை இறக்கவில்லை. எனக்குக் கிட்ட வந்ததும் காதுக்குள் சொன்னார்:

"இவ்வளவு ஆமிக்கு நடுவில நிண்டும் எனக்குப் பயம் வரேல்லையடி."

அதன் பிறகுதான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க அம்மா சம்மதித்தார். முப்பத்தொரு நாட்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆற்றங்கரையில் ஐயர் தர்ப்பையால் தம்பிக்கு உருவம் செய்தார். அதன் அருகில் அம்மா இரண்டு சில்வர்ப் பெட்டிகளையும் வைத்தார். ஒன்றில் சோறு, மற்றதில் இறைச்சிக் கறி. கிரியையில் மச்ச மாமிசம் கூடாது என்று ஐயர் தயங்கினார். "அவன்ர பங்கு ஐயா, கன நாளாக் கிடக்கு" என்றார் அம்மா. ஐயர் மற்றப் பக்கம் திரும்பி மந்திரத்தைத் தொடங்கினார். அவருக்கு எங்கள் முதல் நன்றி.

படையை விட்டு விலகிய பின்னும் தன் சொல்லை மாற்றாத மார்க்குக்கும், பிழையை எழுந்து நின்று ஒப்புக்கொண்ட பெரியவருக்கும், ஒரு கோட்டைத் தன் கையால் கிழித்த அதிகாரிக்கும் நன்றி. எட்டு ஆண்டுகளும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம்பியைப் பற்றி அம்மாவிடம் விசாரிக்க முழங்கால் வலியோடு மூன்றாம் மாடிவரை ஏறி வந்த முதலாம் மாடி அம்மையாருக்கு நன்றி. எங்களோடு நின்ற உறவுகளுக்கு நன்றி. வேறு விதமாகக் கதைத்தவர்களும் இன்று வந்திருக்கிறீர்கள். அம்மா உங்களையும் பெயர் சொல்லித்தான் அழைக்கச் சொன்னார். வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அம்மா இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறார். போன வெள்ளி நான் அவரைக் கூட்டிப் போகக் கீழே காருக்குள் இருந்து அழைப்பெடுத்தேன்.

"வெளிக்கிட்டிட்டன் பிள்ளை," என்றார். "இனி நிண்டாச் சரிவராது."

மணி நாலு பத்து. எழுதிவிட்டுக் காத்திருந்தேன். நாலு முப்பத்தொன்றுக்குக் கதவு திறந்தது.